நீரிழிவாளர் கண்ணும் வைட்டமின் டி-யும்

நீரிழிவு நோய் கொண்டார் இல்லாத தெரு இந்நாளில் நம் நாட்டில் அரிது. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தார் துணையுடன் நடந்து 2023-ஆம் ஆண்டில் வெளிவந்த கணக்கெடுப்பின்படி, இத்தேசத்தில் அந்நோயுடையார் தொகை 10 கோடிக்கு மேற்பட்டது. அவர்கள் அஞ்சுவன பல. காலிற் புண், சிறுநீரகத் தளர்ச்சி, மாரடைப்பு என்பன அவற்றுட் சில. ஆயினும் கண்ணொளி குன்றுதலைப்போல் அவர் நெஞ்சை நடுக்குவது பிறிதொன்றில்லை. அவ்வச்சத்தினாலேயே, கண்ணைக் காக்கும் என்று யார் எதனைக் கூறினும் அதனை நாடிச் செல்லுகின்றனர். அண்மைக் காலத்தில் அங்ஙனம் கூறப்பட்டு வருவது வைட்டமின் டி என்னும் உயிர்ச்சத்து. "இச்சத்துக் குறைந்த நீரிழிவாளர்க்குக் கண் மிகுதியாகக் கெடுகிறது, ஆதலின் இச்சத்தை உட்கொண்டாற் கண் பிழைக்கும்" என்று படித்தவர்களே பேசக் கேட்கின்றோம். இக்கூற்றின் முற்பாதியில் உண்மை உண்டு. பிற்பாதியோ முற்பாதியிலிருந்து தானே வந்துவிடுவதன்று. இவ்விரண்டிற்கும் இடையே எத்துணைத் தூரம் உள்ளதென்பதை ஈண்டு ஆராயப் புகுகின்றோம்.

முதலிற் கண்ணின் இயல்பைச் சிறிது அறிதல் வேண்டும். கண்ணின் உட்சுவரில் மெல்லிய தாள்போற் படிந்திருப்பது விழித்திரை. பாவையின் வழியே உட்புகும் ஒளி வில்லையினாற் குவிக்கப்பட்டு இத்திரையின்மேல் விழுகின்றது. அங்குள்ள நரம்பணுக்கள் அவ்வொளியை உணர்ந்து மூளைக்கு அறிவிக்கின்றன. திரையின் நடுவே மஞ்சட் புள்ளி என்று வழங்கும் ஒரு சிற்றிடம் உண்டு. எழுத்துக் கூட்டிப் படித்தற்கும், எதிர்ப்பட்டவர் முகத்தை இன்னார் முகமென்று அறிதற்கும், ஊசியில் நூல் கோத்தற்கும் துணையாவது அச்சிற்றிடமே. திரையின் உட்படைகளுக்கு உணவும் பிராணவாயுவும் கொணர்வன மயிரினும் நுண்ணிய இரத்தக் குழாய்கள்.

இரத்தத்திற் சர்க்கரை பல ஆண்டுகள் மிகுந்து நிற்குமாயின், அந்நுண்குழாய்களைப் புறத்தே அணைத்து நிற்கும் ஒருவகை அணுக்கள் அழிகின்றன. அணைப்பிழந்த குழாய்ச்சுவர் ஆங்காங்கே கொப்புளம்போற் புடைக்கின்றது. புடைத்த இடங்களினின்று இரத்தம் சிறு துளிகளாகக் கசிகின்றது. நீரும் கொழுப்பும் ஒழுகி, கொழுப்பு மஞ்சள் நிறப் படிவாக நின்றுவிடுகின்றது. அவ்வொழுக்கு மஞ்சட் புள்ளியிற் தேங்கினால் அவ்விடம் வீங்கிப் பார்வை மங்கும். நாட் செல்லச் செல்லக் குழாய்கள் பல அடைபடுகின்றன. அடைபட்ட இடத்துத் திரை பிராணவாயுவின்றித் தவித்து, புதுக் குழாய்களை வளர்க்குமாறு தூண்டும் ஓர் இரசாயனப் பொருளை வெளிவிடுகின்றது. குழாய்களும் முளைக்கின்றன, ஆனால் அவை உறுதியுடையன அல்ல. திரையினின்று வெளிப்பட்டு, கண்ணின் உள்ளறையை நிரப்பியுள்ள தெளிந்த கூழ்ப்பொருளை நோக்கிப் படர்ந்து, எளிதில் உடைந்து இரத்தத்தைக் கொட்டுகின்றன. அவற்றோடு வளரும் நார்கள் பின்னர்ச் சுருங்கி விழித்திரையையே சுவரினின்று பெயர்த்திழுத்தலும் உண்டு.

இவற்றுள் மிகக் கொடியது யாதெனின், முதற் பல ஆண்டுகளில் நோயாளி ஒன்றும் அறியாதிருத்தலே. நோவில்லை, சிவப்பில்லை, நீர் வடிதலில்லை. செய்தித்தாளின் சிற்றெழுத்தும் தெளிவாகவே தோன்றும். இந்நூற்றாண்டின் முதற் பத்தாண்டில் சென்னை நகரில் நீரிழிவாளரைச் சோதித்த இரண்டு பெரிய ஆராய்ச்சிகளில், நூற்றுவருள் ஏறக்குறைய 18 பேருடைய விழித்திரையில் இந்நோயின் குறிகள் காணப்பட்டன. அவருட் பலர் தம் கண் நன்றாயிருக்கிறதென்றே எண்ணியிருந்திருப்பர் என்பதிற் சந்தேகமில்லை.

இனி, ஒன்றோடொன்று சேர்ந்து காணப்படும் இரண்டில் ஒன்று மற்றதன் காரணம் என்று எங்ஙனம் துணிவது என்னும் வினாவுக்கு வருவோம். நம் பொருளுக்கு உயிர்நிலையான வினா இதுவே. நீரிழிவிற்கும் கண்ணோய்க்கும் உறவுண்டென்பதே ஒருகாலத்தில் இவ்வினாவின்முன் நிற்கவேண்டியதாயிற்று. 1851-ஆம் ஆண்டில் ஜெர்மானியராகிய ஹெல்ம்ஹோல்ட்ஸ், உயிருள்ளோர் கண்ணின் உட்புறத்தைப் பாவையின் வழியே காணும் கருவியைப் பற்றிய தம் நூலை வெளியிட்டார். அக்கருவிகொண்டு சில ஆண்டுகளுக்குள் வியன்னா நகரத்து எடுவர்ட் யேகர் என்பார் நீரிழிவாளர் ஒருவருடைய மஞ்சட் புள்ளியினருகே மாறுதல்களைக் கண்டு எழுதினார். ஆனால் அக்காலத்துக் கண் வைத்தியருள் தலைமை பெற்றிருந்த பெர்லின் நகரத்து ஃபான் கிரேஃபே அதற்கு உடன்படவில்லை. நீரிழிவே இம்மாறுதல்களுக்குக் காரணம் என்பதற்குச் சான்றில்லை என்பது அவர் கட்சி. முடிவிற் தவறியவர் கிரேஃபேயே. எனினும் அவர் சான்று கேட்டது தவறன்று. கேட்டிராவிட்டால் பின்வந்தோர் அதனைத் தேடியிருப்பரோ என்பது ஐயமே. 1872-ஆம் ஆண்டில் இலண்டனில் நெட்டில்ஷிப் என்பவர் நீரிழிவாளர் கண்ணின் திசுக்களைப் பூதக்கண்ணாடியால் ஆராய்ந்து மஞ்சட் புள்ளியின் சிதைவைக் காட்டினார்.

பின்னர் இன்சுலின் வந்தது. 1922-ஆம் ஆண்டு ஜனவரியில் டொராண்டோ நகரில் ஒரு சிறுவனுக்கு அது முதன்முதற் செலுத்தப்பட்டது. முன்னாளிற் கண் கெடுமுன்னரே மாண்டுபோன இளைஞர் பலர் இப்பொழுது நெடுநாள் வாழ்ந்தனர். அங்ஙனம் வாழ்ந்தமையாலேயே கண்ணோய் முன்னினும் மிகுதியாகக் காணப்பட்டது. சர்க்கரையை அடக்கினாற் கண் பிழைக்குமோ என்ற வினா இதன்பின் எழுபது ஆண்டுகள் தீர்வின்றிக் கிடந்தது. அதனைத் தீர்த்தது அமெரிக்க ஐக்கிய நாடுகளிலும் கனடாவிலும் நடந்து 1993-ஆம் ஆண்டில் முடிவு வெளியான பெரும் பரீட்சை. இளமையிலேயே தோன்றும் முதல்வகை நீரிழிவுடையார் 1,441 பேர் அதிற் சேர்ந்தனர். குலுக்கிப் பிரித்த இரு கூட்டத்தாருள் ஒரு சாரார்க்குச் சாதாரண சிகிச்சையும், மற்றொரு சாரார்க்குச் சர்க்கரையை இறுக அடக்கும் சிகிச்சையும் சராசரி ஆறரை ஆண்டுகள் செய்யப்பட்டன. தொடக்கத்தில் விழித்திரை நோய் இல்லாதவருள், இறுக அடக்கிய சாராரிடத்து அந்நோய் தோன்றுதல் நூற்றுக்கு 76 பங்கு குறைந்தது. முன்னரே சிறிது நோய் இருந்தவரிடத்து அது முற்றுதல் நூற்றுக்கு 54 பங்கு தணிந்தது. யேகர் கண்ட உறவு உண்மையான காரண காரிய உறவென்பது இங்ஙனம் ஐயமற நிலைபெற்றது.

வைட்டமின் டி-யின் வரலாறும் இத்தகையதொரு சோதனையைக் கடந்து வந்ததே. மிஷன் கல்லூரியில் வாசிக்கும் நமக்கு அதில் ஒருவரைக் குறித்துச் சிறிது நின்று பேசுதல் தகும். எடின்பரோ வைத்திய மிஷன் சங்கத்தாரால் ஜப்பான் தேசத்து நீகாட்டா என்னும் ஊருக்கு அனுப்பப்பட்ட தியோபால்ட் பாம் என்பவர், குழந்தைகளின் எலும்பு மெலிந்து வளையும் ரிக்கெட்ஸ் என்னும் நோயை அந்நாட்டிற் காணவில்லை. தாய்நாடு திரும்பியபின் இங்கிலாந்தில் அந்நோய் மலிந்திருப்பதைக் கண்டு வியந்தார். ஆசியாவின் பல பாகங்களில் ஊழியம் செய்துகொண்டிருந்த மிஷன் வைத்தியர்களுக்குக் கடிதங்கள் எழுதி, "உங்கள் பக்கத்தில் இந்நோய் உண்டோ?" என்று வினவினார். வந்த விடைகளை ஒருங்கு வைத்து நோக்கியபொழுது, வறுமை மிகுந்தும் வெயில் நிறைந்த நாடுகளில் அந்நோய் அரிதென்பதும், புகையும் மூடுபனியும் சூரியனை மறைக்கும் நகரங்களில் அது மலிந்ததென்பதும் தெரியவந்தன. சூரிய ஒளியின்மையே காரணம் என்று அவர் 1890-ஆம் ஆண்டில் எழுதினார். எழுதியதைப் பெரும்பாலோர் பொருட்படுத்தவில்லை.

பாம் கண்டது ஒரு சேர்க்கையையே. அதனைக் காரணமென நிறுவியது 1919-ஆம் ஆண்டளவில் பெர்லினில் ஹுல்ட்ஷின்ஸ்கி செய்த பரீட்சை. அவர் ரிக்கெட்ஸ் கொண்ட குழந்தைகளின்மேற் பாதரச விளக்கின் புற ஊதாக் கிரணங்களைப் படச்செய்து, எலும்பிற் சுண்ணாம்புச் சத்து மீண்டும் ஏறுவதை எக்ஸ்ரே படத்திற் காட்டினார். ஒரு கையின்மேல் மாத்திரம் ஒளி விழச்செய்ய, மற்றைக் கையின் எலும்பும் தேறிற்றாம். ஆகவே ஒளியினால் தோலில் உண்டாகும் ஏதோ ஒரு பொருள் இரத்தத்திற் கலந்து செல்கின்றதென்பது பெறப்பட்டது. அதே காலத்தில் மெல்லன்பி இங்கிலாந்தில் நாய்க்குட்டிகளுக்கு மீனெண்ணெய் கொடுத்து அந்நோயைத் தடுத்தார். அப்பொருளுக்கு 1922-ஆம் ஆண்டில் அமெரிக்க விஞ்ஞானி மக்காலம் என்பவர் வைட்டமின் டி என்று பெயர் தந்தார்.

இச்சத்து தோலிற் பிறந்தவுடனே தொழில் செய்வதன்று. ஈரலில் ஒருமுறையும் சிறுநீரகத்தில் மற்றொருமுறையும் மாறுதல் அடைந்த பின்னரே அதன் முழு ஆற்றல் வெளிப்படுகின்றது. இரத்தப் பரீட்சையில் அளக்கப்படுவது ஈரலில் மாறிய நிலை. ஆற்றல் பெற்ற சத்தை ஏற்றுக்கொள்ளும் புரதம் குடலிலும் எலும்பிலும் மாத்திரமன்றி, இன்சுலினைச் சுரக்கும் கணையத்தின் அணுக்களிலும் விழித்திரையிலும் உண்டென்பது பிற்காலத்தே வெளியாயிற்று. சோதனைச்சாலையில் எலிகளின் விழித்திரையிற் புதுக் குழாய்கள் முளைப்பதை இச்சத்தின் ஆற்றல் பெற்ற வடிவம் குறைத்ததும் உண்டு. அழற்சியைத் தணித்தலும் இதன் தொழில்களுள் ஒன்றென்பர். ஆகவே, இச்சத்துக் கண்ணைக் காக்கக்கூடுமென்ற எண்ணம் காரணமின்றிப் பிறந்ததன்று.

நீரிழிவாளர் பலருடைய இரத்தத்தை அளந்து, அவர்தம் விழித்திரையையும் நோக்கிய ஆராய்ச்சிகள் பல தேசங்களில் நடந்துள்ளன. அவற்றை ஒருங்கு சேர்த்துக் கணக்கிட்டவர்கள், இச்சத்துக் குறைந்தவரிடத்து விழித்திரை நோய் ஓரளவு மிகுதியாகக் காணப்படுகின்றதென்றே முடிவு கூறியிருக்கின்றனர். தனித்தனியே நோக்கின் எல்லா ஆராய்ச்சிகளும் ஒருமுகமாகப் பேசவில்லை. எனினும் மொத்தத்தில் அச்சேர்க்கை உண்டென்பதை மறுத்தற்கில்லை. நாம் முற்பாதியில் உண்மை உண்டென்றது இதுவே.

ஆனால் ஒன்றை எண்ணிப்பார்க்க வேண்டும். விளக்கில் எண்ணெய் வற்றிய வீட்டிற் குதிரில் நெல்லும் வற்றியிருக்கக் காண்கின்றோம். விளக்கிற்கு எண்ணெய் வார்த்தாற் குதிர் நிரம்புமோ? இரண்டையும் வற்றச் செய்தது வறுமை. அதுபோலவே நீரிழிவு முற்றிய ஒருவருடைய நிலையை நோக்குக. காற் புண்ணாலும் தளர்ச்சியாலும் அவர் வெளியே நடமாடுதல் குறைகின்றது. ஆகவே வெயில் படுவதும் குறைகின்றது. உடற்பருமன் மிக்கவர்க்கு இரத்தத்தில் இச்சத்தின் அளவு தாழ்ந்தே நிற்கும். பருமனோ நீரிழிவோடு பிறந்த நோய். சிறுநீரகம் பழுதுற்றவர்க்கு இச்சத்தைச் சுமந்து செல்லும் புரதம் சிறுநீரோடு கழிந்துவிடும். விழித்திரையின் நுண்குழாய்களைக் கெடுக்கும் அதே சர்க்கரைதான் சிறுநீரகத்தின் நுண்குழாய்களையும் கெடுக்கின்றது. எனவே கண் கெட்டவரிடத்துச் சத்துக் குறைந்திருப்பது, சத்துக் குறைந்தமையாற் கண் கெட்டது என்பதற்குச் சான்றாகாது. இரண்டும் ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகளாக இருக்கலாம். கண் கெட்டதனால் வீட்டினுள் அடங்கி அதனாற் சத்துக் குறைந்ததாகவும் இருக்கலாம். பார்வை மங்கியவர் நண்பகலிற் தெருவில் உலாவுவதை யார் கண்டார்?

இவ்வையத்தைப் போக்கும் வழி ஒன்றே. குலுக்கிப் பிரித்த இரு கூட்டத்தாருள் ஒரு சாரார்க்கு உண்மை மாத்திரையும், மறு சாரார்க்கு அதனைப்போன்ற வெறும் மாத்திரையும் பல ஆண்டுகள் கொடுத்துப் பார்த்தலே அது. நீரிழிவு வரும் நிலையில் உள்ளார் 2,423 பேர்க்கு அமெரிக்காவில் இங்ஙனம் செய்து 2019-ஆம் ஆண்டில் முடிவு கூறினர். நாள்தோறும் 4,000 யூனிட் இச்சத்தை உண்டவர்க்கும் வெறும் மாத்திரை உண்டவர்க்கும் நீரிழிவு தோன்றிய அளவில் இருந்த வேற்றுமை, தற்செயலாகவும் நேரக்கூடியதென்று ஒதுக்கத்தக்க அத்துணைச் சிறியதாயிருந்தது. இதனையும் இதுபோன்ற வேறு இரண்டு பரீட்சைகளையும் சேர்த்து 2023-ஆம் ஆண்டிற் கணக்கிட்டபொழுது, நூற்றுக்கு 15 பங்கு குறைவு தென்பட்டது. அதனையும் நடுநிலையோடு கூறுதல் நம் கடன். ஆயினும் இவையெல்லாம் நீரிழிவு வருமுன்னர் உள்ளாரைப் பற்றியன. நோய் வந்தபின் விழித்திரையைக் காக்க இச்சத்துப் போதுமென்று நிலைநாட்டிய பெரும் பரீட்சை ஒன்றேனும் இதுவரை வெளிவந்திலது. பாமின் கருத்துக்கு ஒரு ஹுல்ட்ஷின்ஸ்கி வாய்த்தார்; யேகரின் கருத்துக்கு 1993-ஆம் ஆண்டு வாய்த்தது. இக்கருத்துக்கு அத்தகைய துணை இன்னும் வாய்க்கவில்லை.

இஃது ஏட்டில் மாத்திரம் நிற்கும் வழக்கானால் நாம் இவ்வளவு வற்புறுத்தியிரோம். எமக்கு நன்கு அறிமுகமான பெரியார் ஒருவர், நாற்பதாண்டு காலம் பள்ளி ஆசிரியராயிருந்து ஓய்வு பெற்றவர். ஞாயிறுதோறும் ஆலயத்தில் வேதபாடம் வாசிப்பவர் அவரே. அவருக்குப் பன்னிரண்டு ஆண்டுகளாக நீரிழிவு உண்டு. இரத்தப் பரீட்சையில் வைட்டமின் டி குறைவென்று தெரிந்தது. அக்குறைவே கண்ணைக் கெடுப்பதென்று எங்கோ படித்திருந்தமையால், வாரந்தோறும் மாத்திரையும் விடியற்காலை வெயிலுமாக ஒழுங்கு தவறாது நடந்துவந்தார். "கண்ணுக்கு வேண்டியதைச் செய்துகொண்டுதான் இருக்கிறேன், தம்பி" என்பார். கண்ணைக் காட்டிக்கொள்ளுமாறு வைத்தியர் எழுதிக் கொடுத்த சீட்டு இரண்டு ஆண்டுகள் மேசையறையிற் கிடந்தது. ஒரு நாட் காலை எழுந்தபொழுது வலக்கண்ணின்முன் கரிய நூல்கள் மிதப்பதுபோற் தோன்றி, நண்பகலுக்குள் அக்கண் முழுவதும் இருண்டுவிட்டது. புதுக் குழாய் உடைந்து இரத்தம் கொட்டியிருந்தது. மாத்திரை அவர் கண்ணைக் கெடுத்ததன்று. மாத்திரை இருக்கிறதென்ற நம்பிக்கை, காட்டவேண்டிய காலத்திற் கண்ணைக் காட்டாதபடி செய்துவிட்டது.

அவர் கொண்ட பழக்கங்களிலும் இரண்டொரு பிழைகள் இருந்தன. அவை பலர்க்கும் பொதுவானவையாதலின் கூறுகின்றோம். தோலிற் சத்தை விளைப்பன சூரிய ஒளியிலுள்ள ஒருவகைப் புற ஊதாக் கிரணங்கள். சூரியன் தாழ்ந்திருக்கும்பொழுது அவை காற்றுமண்டலத்திற் சாய்வாக நெடுந்தூரம் கடந்து வருவதாற் பெரும்பாலும் தேய்ந்துவிடுகின்றன. ஆகவே விடியற்கால வெயில் உலாவுதற்கு இனியதேயன்றிச் சத்தை விளைப்பதிற் சிறியது. முற்பகல் பத்து மணிக்கு மேல் பிற்பகல் மூன்று மணிக்குள் கையும் முகமும் சிறிது நேரம் வெயிலிற் படுவதே பயன் தருவது. கண்ணாடிச் சன்னலுக்குப் பின் அமர்ந்து காயும் வெயிலும் பயனற்றது. அக்கிரணங்களைக் கண்ணாடி தடுத்துவிடும். நம்மவர் கருநிறத் தோல் அக்கிரணங்களைத் தானே வாங்கிக்கொள்வதால், வெள்ளையரினும் நமக்கு மிகுந்த நேரம் வேண்டும். வெயில் நிறைந்த இந்நாட்டின் நகரங்களிற் பெரும்பாலோர்க்கு இச்சத்துக் குறைந்திருப்பதன் காரணம் இவையும், நாளெல்லாம் கூரையின்கீழ் வேலை செய்தலும், உணவில் இச்சத்து மிகாமையுமே. மத்தி, கானாங்கெளுத்தி போன்ற கொழுப்புள்ள மீன்களும் முட்டையின் மஞ்சட் கருவும் இயற்கையில் இதனை உடையன. காய்கறிகளில் இஃது இல்லையென்றே சொல்லலாம்.

சூரியனை நேரே நோக்கினாற் கண்ணொளி பெருகும் என்று சொல்லுவாரும் உளர். இதனினும் கேடான ஆலோசனை வேறில்லை. நோக்குவார்க்கு மஞ்சட் புள்ளியிற் தீப்புண் உண்டாகும். 1945-ஆம் ஆண்டு நிகழ்ந்த சூரிய கிரகணத்தைப் பார்த்துக் கண்ணில் அத்தகைய வடு உற்ற ஒருவரைக் கண்டுதான், மைய-ஷ்விக்கெராத் என்னும் ஜெர்மானிய வைத்தியர்க்கு ஒளியினாலேயே விழித்திரையைச் சுட்டுச் சிகிச்சை செய்யலாமென்ற எண்ணம் பிறந்தது. முதலில் அவர் ஹாம்பர்க் நகரத்து ஆஸ்பத்திரிக் கூரையின்மேற் கண்ணாடிகளை நிறுத்திச் சூரியனையே கருவியாகக் கொண்டார். மேகம் மூடினாற் சிகிச்சை நின்றுவிடும்! பின்னர் மின்விளக்கும், அதன்பின் லேசர் என்னும் செறிவொளியும் அவ்விடத்தைப் பெற்றன. கண்ணோய்க்குச் சூரியன் செய்த உண்மையான உதவியைக் கேட்பார்க்கு நாம் இதனையே கூறுவோம்.

மாத்திரையின் அளவைக் குறித்தும் ஒரு சொல். எழுபது வயது வரையுள்ள வளர்ந்தோர்க்கு நாளொன்றுக்கு 600 யூனிட்டும், அதற்கு மேற்பட்டார்க்கு 800 யூனிட்டும் போதுமென்றும், வைத்தியர் கண்காணிப்பின்றி 4,000 யூனிட்டைக் கடத்தலாகாதென்றும் அமெரிக்க மருத்துவக் கழகம் 2011-ஆம் ஆண்டில் வரையறுத்தது. இரத்தத்தில் மில்லிலிட்டருக்கு 20 நானோகிராம் இருப்பின் எலும்பிற்குப் பெரும்பாலும் போதுமென்பதும் அக்கழகத்தின் முடிபே. 30 வேண்டுமென்று அதே ஆண்டிற் கூறிய மற்றொரு சங்கத்தார் 2024-ஆம் ஆண்டில் அவ்வெல்லையைத் தாமே கைவிட்டனர். நம் நாட்டிலோ 60,000 யூனிட் அடங்கிய மாத்திரைகளும் பொடிகளும் எளிதிற் கிடைக்கின்றன. வாரம் ஒன்றாகச் சில வாரங்களுக்கு வைத்தியர் எழுதிக் கொடுப்பதை, நன்மை மிகுமென்று நாள்தோறும் உண்டு கெட்டாரும் உண்டு. இச்சத்து மிகின் இரத்தத்திற் சுண்ணாம்பு மிகும். வாந்தியும் மயக்கமும் சிறுநீரகக் கல்லும் தோன்றும். முன்னரே தளர்ந்த சிறுநீரகம் பின்னும் தளரும். நீரிழிவாளர்க்குத் தளர்ந்த சிறுநீரகம் புதிதன்றே. அளவறிந்து, குறைவுண்டேல் எலும்பின் பொருட்டும் தசையின் பொருட்டும் அதனை நிரப்பிக்கொள்ளுதல் முற்றும் தக்கதே. கண்ணின் பொருட்டென்று எண்ணி அமைதி கொள்ளுதலே தகாதது.

கண்ணின் பொருட்டுச் செய்யத்தக்கன வேறு. சர்க்கரையை அடக்குதலின் பயனை மேலே கண்டோம். நெடுநாள் மிகுந்திருந்த சர்க்கரையைத் திடீரென்று தாழ்த்தினால் விழித்திரை நோய் சில மாதம் மிகுந்து தோன்றுதல் உண்டு; ஆதலின் அக்காலத்திற் கண்ணை அடிக்கடி நோக்குதல் வேண்டும், சர்க்கரையை மறுபடியும் ஏறவிடுதல் கூடாது. இரத்த அழுத்தமும் அத்துணை முக்கியமானது. இங்கிலாந்தில் இரண்டாம் வகை நீரிழிவாளரிடத்து நடந்து 1998-ஆம் ஆண்டில் வெளியான பரீட்சையில், அழுத்தத்தை இறுக அடக்கியவர்க்கு விழித்திரை நோய் முற்றுதல் மூன்றில் ஒரு பங்கு குறைந்தது.

கண் பரீட்சையைப் பற்றிப் பலர் வீணே அஞ்சுகின்றனர். இரண்டாம் வகை நீரிழிவுடையார், நோய் தெரிந்த அன்றே கண்ணையும் காட்டுதல் வேண்டும். ஏனெனில் நோய் தெரியுமுன்னரே சர்க்கரை பல ஆண்டு மிகுந்திருக்கலாம். முதல்வகையினர் ஐந்தாண்டு சென்றபின் காட்டலாம். அதன்பின் இருவரும் ஆண்டுக்கொரு முறை. நீரிழிவுடைய பெண்கள் கருவுற்றால் முதல் மூன்று மாதத்திற்குள்ளே காட்டுதல் அவசியம். பாவையை விரிக்கும் சொட்டு மருந்தைக் கண்ணில் விடுவர். அரை மணி நேரம் சென்றபின் உட்புறத்தை ஒளியிட்டு நோக்குவர், அல்லது படம் எடுப்பர். நோவு ஒன்றுமில்லை. சில மணி நேரம் அண்மையிலுள்ள எழுத்து மங்கும்; வெளிச்சம் கூசும். ஆகையாற் துணைக்கு ஒருவரை அழைத்துச் செல்லுதலும், வண்டி ஓட்டாதிருத்தலும் நன்று. கண்ணாடிக் கடையில் எழுத்துப் பலகையைப் படித்துக் காட்டுதல் இப்பரீட்சை ஆகாது.

நோய் காணப்பட்டாலும் கை நெகிழவேண்டுவதில்லை. புதுக் குழாய் முளைத்த கண்ணுக்கு லேசர் ஒளி, கொடிய பார்வையிழப்பைப் பாதிக்குமேற் குறைக்கும் என்பது 1970-க்குப் பின் அமெரிக்காவில் நடந்த பரீட்சையால் நிலைபெற்றது. மஞ்சட் புள்ளியின் வீக்கத்திற்கும், புதுக் குழாய்களைத் தூண்டும் பொருளை அடக்குதற்கும் கண்ணினுட் செலுத்தும் ஊசிமருந்துகள் இந்நூற்றாண்டில் வந்துள்ளன. இரத்தம் கலங்கிய கூழ்ப்பொருளை அகற்றும் அறுவைச் சிகிச்சையும் உண்டு.

மேற்கூறிய ஆசிரியர்க்கு வலக்கண்ணில் அவ்வறுவை செய்தனர். ஒளியும் நிழலும் தெரியுமளவு அது தேறியது. சோதித்தபொழுது இடக்கண்ணிலும் புதுக் குழாய்கள் தொடங்கியிருந்தன. அவை உடையுமுன் மூன்று தவணையாக லேசர் ஒளி செலுத்தப்பட்டது. இன்று அவர் அவ்வொரு கண்ணின் துணையால் ஆலயத்தில் வேதபாடம் வாசிக்கின்றார். எழுத்துச் சிறிது பெரிதாக அச்சிட்ட புத்தகம் வேண்டியிருக்கின்றது. வைட்டமின் மாத்திரையை அவர் விட்டிலர். குறைவு உள்ளமையின் வைத்தியர் அளவு குறித்துக் கொடுத்திருக்கின்றார். கண் ஆஸ்பத்திரியார் அடுத்த முறை வரவேண்டிய தேதியை எழுதித் தந்த சீட்டு இப்பொழுது மேசையறையில் இல்லை. அந்தப் புத்தகத்தினுள் இருக்கின்றது.